அறுநூற்று நாற்பது லிட்டர்

— ஒரு எடத்துல போட்டாப் போதுமா தம்பி, ரெண்டு எடத்துலயா?

— ஒரே இடம்தான் பாய். இந்தக் கோட்டுக்கு மேல. பக்கத்துல பட்டறை சீல்.

— சீலு மேசைக்குள்ளதான் கெடக்கு. அதுக்கு முன்ன என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிருங்க. இங்கிலீசுல எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். கரீம் பாட்சா, பஸ், அம்புட்டுதான். தெரியாத காயிதத்துல கை வச்சு ஒரு தடவை பெரிய லஃப்டாவுல மாட்டியிருக்கேன்.

— தமிழ்லயே சொல்றேன். 'எங்க தாராவி தோல் பட்டறையில, கடைசி வருஷ இன்ஜினியரிங் மாணவர் எஸ். அனந்தநாராயணன் ஆறு மாசம் ப்ராஜெக்ட் பண்ணினார். தோல் சீவும்போது கழிவாப் போற சவ்வையும் கொழுப்பையும் தொட்டியில மக்க வெச்சு, அடுப்பெரிக்கிற வாயு எடுத்துக் காட்டினார். இது எங்க தொழிலுக்குப் பிரயோஜனமா இருந்தது.' அவ்வளவுதான்.

— கோபர் கேஸ் கணக்கா.

— அதேதான். சாணிக்குப் பதிலா சவ்வு.

— பூலோகம் செத்துப்போனதைப் பத்தி ஒண்ணும் இல்லையே?

— இல்ல பாய்.

— நல்லது. இருக்கப்படாது. வியாழக்கெழமை பரிச்சையில கேட்டுட்டா?

— வைவாவா? கேக்க மாட்டா. வெளியிலேருந்து வர எக்ஸாமினருக்கு எதுவும் தெரியாது. எங்க சாருக்கு மட்டும் தெரியும். 'வருத்தமான விஷயம்தான், ஆனா அது பட்டறையில நடந்த விபத்து, ப்ராஜெக்ட்ல சேராது'ன்னுட்டார்.

— படிச்சவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. நீங்க ஏன் இப்படி வத்திப் போயிட்டீங்க? மாட்டுங்காவுல சோத்துக்கா பஞ்சம்?

— சாப்பிடறேன் பாய். தூங்கறேன். காலேஜ் போறேன். எல்லாம் அது பாட்டுக்கு நடக்கறது. நடுவுல நான் மட்டும் இல்லாத மாதிரி இருக்கு.

— கூடப் பழகின ஆளு மவுத்தாயிட்டா அப்படித்தான் இருக்கும். சின்ன வயசு. போகப் போகச் சரியாயிரும். கண்காட்சியில உங்களுக்கு மொத பரிசாமே? தோல் யாவாரிங்க சங்கத்துல பேசிக்கிட்டாங்க.

— ஆமா. போன வாரம். எட்டு காலேஜ் வந்திருந்தது. ஒருத்தன் கரும்புச் சக்கைல ஆல்கஹால் எடுத்திருந்தான், ஒருத்தன் புங்கெண்ணெயில டீசல் இன்ஜின் ஓட்டினான். என் கிராஃபைப் பாத்துட்டுத்தான் நின்னா. ஒரே நாள்ல இருநூறு லிட்டர்லேருந்து அறுநூத்து நாப்பதுக்குப் போயிருக்கு, எப்படின்னு கேட்டா. மேடைல கூப்பிட்டுக் கையும் தட்டினா. வேற யாருக்கோ தட்டறா மாதிரி இருந்தது.

— பொறவென்ன, சந்தோசப்படுங்க. கேளுங்க, உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். திங்கக்கெழமை செம்பூர்லேருந்து சங்கத்து ஆளுக ரெண்டு பேரு வாறாங்க. தொட்டி ஓடுறதை நேர்ல பாக்கணுமாம். புடிச்சிருந்தா இன்னும் நாலு பட்டறையில இதே மாதிரி போடுவாங்க. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். என்ன, வெளங்குதா?

— தொட்டி மூடியிருக்குன்னு நெனச்சேனே பாய்.

— அம்பது நாளா மூடித்தான் கெடந்துச்சு. நேத்துதான் சுயம்பை விட்டுத் தொறக்கச் சொன்னேன். விறகுக்காரன் வாரத்துல ரெண்டு நாளுதான் வாறான், மண்ணெண்ணெய் கெடைக்கிறதே இல்ல. சாயத்துக்குத் தண்ணி சுட வைக்க வேற என்ன வழி? பூலோகம் செவுத்துல கரியால கோடு போட்டு வச்சிருக்கான்லா, ஆசிட் தண்ணி நாளுக்கு எத்தனை வாளின்னு. அதையே பாத்து ஊத்தச் சொல்லியிருக்கேன்.

— எப்போ?

— இன்னிக்கு. சோறு தின்னுட்டு வந்து ஆரம்பிச்சிருவான்.

— சவ்வைக் கலக்கற குழிக்குள்ள யார் இறங்குவா?

— சுயம்புதான். அண்ணன் பாத்த வேலையைத் தம்பி பாக்கான். வீட்டுல ஒருத்தன் சம்பாத்தியம் போயிட்டுல்லா?

— வேண்டாம் பாய்.

— என்ன வேண்டாம்?

— ஆசிட் தண்ணி ஊத்த வேண்டாம். சுயம்பு இறங்க வேண்டாம். சங்கத்துக்காராளையும் வரச் சொல்லாதீங்கோ.

— இது என்ன பேச்சு தம்பி? ஊத்தச் சொன்னதே நீங்கதானே?

— நான்தான் சொன்னேன்.

— அப்ப?

— அக்சுவலா... அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இங்க வர வழியெல்லாம், சர்டிபிகேட்டை வாங்கிண்டு பேசாமப் போயிடணும்னுதான் நெனச்சுண்டு வந்தேன். ரயில்வே பாலத்து மேல ரொம்ப நேரம் நின்னேன்.

— சொல்லுங்க. என்ன மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? தண்ணி குடிக்கீங்களா?

— தோல்ல முடி உதிர சுண்ணாம்போட ஒரு மருந்து போடறீங்க இல்லையா? அது சவ்வுல ஊறியிருக்கும். அதனால குழியில காரம் ஜாஸ்தி. காரம் இருந்தா கேஸ் பண்ற கிருமி செத்துடும். மூணு மாசமா இருநூறு லிட்டரைத் தாண்டலை. சார் வேற திட்டினார். காரத்தை முறிக்க ஆசிட் வேணும். உங்ககிட்டேயே தோல் ஊற வெச்ச ஆசிட் தண்ணி சும்மா சாக்கடைல போறது. அதையே ஊத்திடலாம்னு எனக்குத் தோணித்து. ரெண்டு கழிவும் ஒண்ணுக்கொண்ணு மருந்தாயிடும்னு நோட்புக்ல எழுதி, கீழ கோடு வேற போட்டேன்.

— நல்ல யோசனைதானே? கேஸும் கூடிச்சே.

— கூடினது என்ன கேஸ்னு நான் பாக்கலை பாய். மீட்டர் ஓடினதை மட்டும்தான் பாத்தேன். அடுப்புல ஜ்வாலை அணைஞ்சு அணைஞ்சு எரியறதுன்னு பூலோகம் அண்ணா சொன்னார். அப்பவே யோசிச்சிருக்கணும். முடி உதிர்ற மருந்து மேல ஆசிட் பட்டா வேற ஒரு வாயு வரும். விஷம். காத்தை விட கனம். மேல போகாது, குழிக்குள்ளேயே நிக்கும்.

— மெதுவாப் பேசுங்க.

— நான் ஊத்தச் சொன்னதுலதான் அவர்—

— மெதுவாப் பேசுங்கன்னேன்ல! ஆறுமுகத்தாயி முத்தத்துலதான் தோல் காயப் போட்டுக்கிட்டு இருக்கா.

— யாரு, அண்ணாவோட...?

— ஆமா, பூலோகம் பொஞ்சாதி. இங்க வேலைக்கு வந்து மாசம் ஒண்ணாச்சு. உங்களுக்குத் தெரியாதா?

— முத்தத்துல இல்ல மொதலாளி. இங்கதான் நிக்கேன். டீ கொண்டாந்தேன்.

— எப்ப வந்தே நீ?

— சுயம்பு பேரு காதுல விழுந்துது. நின்னுட்டேன். டீயை எங்க வைக்க?

— இப்படி வை. வச்சிட்டுப் போ.

— அக்கா.

— சொல்லுங்க தம்பி. டீ எடுத்துக்கிடுங்க, ஆறிரும்.

— நான் அன்னிக்கு அப்புறம் உங்களை வந்து பாக்கவே இல்ல.

— எல்லாரும் வந்தாவ. நீங்க வந்தியளா, வரலையான்னு எனக்குத் தெரியல. யாரு வந்தான்னே தெரியல. ஆளுக மொகம் எல்லாம் கோலத்தை அழிச்ச மாதிரி இருந்துது.

— இங்கேயே வேலைக்கு வரேளே... கஷ்டமா இல்லையா?

— குழி அந்தப் பக்கம்லா கெடக்கு. நான் இந்தப் பக்கம். என்னத்த கஷ்டம்? அன்னைக்கு மத்தியானம் நான் கொண்டாந்து வச்ச சோறு அப்படியே திரும்பி வந்துது. ராத்திரி அதை நான் உக்காந்து தின்னேன் தம்பி. முழுசும். பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு, என்ன பொம்பளைன்னா. பசிச்சுது, தின்னேன். அழுகை வரல.

— எனக்கும் வரலைக்கா.

— ம்.

— தாயி, நீ போயி தோலைத் திருப்பிப் போடு. வெயில் எறங்கிரும்.

— போறேன் மொதலாளி. சுயம்பு எறங்கணுமா, எறங்க வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.

— இறங்கக் கூடாதுக்கா. சத்தியமா இறங்கக் கூடாது.

— சுயம்பு! எலே சுயம்பு! தின்னுட்டு வந்துட்டியா? ஆசிட்டு வாளியைத் தொடாத. ஆமா, இன்னிக்கு வேண்டாம். குழியைப் பலகை போட்டு மூடு. பக்கத்துல நின்னுக்கிட்டு பீடி பத்த வைக்காத, தள்ளிப் போ! பஸ், போதுமா ரெண்டு பேருக்கும்?

— போதும் மொதலாளி. தம்பி, இன்னொண்ணு கேக்கணும். அவிய அந்தக் கேசுலதான் செத்தாவளா?

— ஆமாக்கா.

— குடிச்சிட்டு விழல?

— இல்லக்கா.

— உங்க காலேசுல எல்லாருக்கும் தெரியுமா இது?

— சாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

— எனக்குத் தெரியாது பாத்தியளா. அவிய ஒரு நாளும் குடிச்சதில்ல. கோயில் கொடைக்குக்கூட தொட மாட்டாவ. இருந்தாலும் போலீசு காயிதத்துல எழுதியிருக்குன்னதும், ஒரு வேளை எனக்குத் தெரியாமக் குடிச்சிருப்பாவளோன்னு நானே நெனச்சேன். சின்னவ பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள சொல்லிச்சாம், உங்கப்பன் குடிச்சிட்டுத் தோல்குழியில விழுந்து செத்தவன்தானேன்னு. வந்து எங்கிட்டக் கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.

— ஏங்க்கா அப்படிச் சொன்னேள்?

— வேற என்னத்தச் சொல்ல? அவிய ஏன் செத்தாவன்னு ஆருக்குத் தெரியும்?

— போலீஸ்ல யார் சொன்னா குடிச்சிருந்தார்னு?

— நான்தான் சொன்னேன்.

— பாய்!

— என்ன பாய்? நாலு மாசத்துக்கு முன்னதானே போபால்ல அம்புட்டு சனம் செத்துச்சு? அதுக்குப் பொறவு கேஸ்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா மறுநாளே பட்டறைக்குப் பூட்டு. பத்தொம்பது ஆளு இங்க வேலை செய்யான். பத்தொம்பது அடுப்பு. பூலோகம் போயிட்டான், அவனை எழுப்ப முடியாது. மீதிப் பேரு பொழைக்கணும்லா? சட்டுபுட்டுனு எழுதி முடிங்கன்னேன். முடிச்சிட்டாங்க.

— சரி மொதலாளி.

— என்ன சரி? ஒரு வார்த்தை ஏசிரு. அம்பது நாளா நீ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல, நான் குடுத்த வேலையைச் செய்யிற, போற. அல்லா மேல சொல்லுதேன், உன் மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான் நான் பின்வாசல் வழியா வாறேன்.

— ஏசி என்னத்துக்கு ஆகப்போகுது? தம்பி, அந்தக் காயிதக் கட்டு என்னது?

— இதுவா? ரிப்போர்ட். வியாழக்கிழமை காலேஜ்ல குடுக்கணும்.

— அதுல எல்லாம் எழுதியிருக்கா? ஒவ்வொரு நாளும் என்ன நடந்துதுன்னு?

— ம். நாள்வாரியா இருக்கு.

— அவிய செத்த நாளைக்கு என்ன எழுதியிருக்கு?

— புதன்கிழமை... ஒண்ணும் எழுதலைக்கா. செவ்வாய்க்கிழமை அறுநூத்து நாப்பது லிட்டர். புதன்கிழமைக்கு ஒரு கோடு. கீழ, 'அன்று அளவு எடுக்கப்படவில்லை'ன்னு இருக்கு.

— அளவு எடுக்கப்படவில்லை.

— ஆமா.

— அங்க எழுதுவியளா? குடிக்கலன்னு. கேசுலதான் செத்தாவன்னு. அவிய பேரு போட்டு.

— தாயி, அது எங்க போயி முடியும்னு தெரியுமா உனக்கு? அந்தத் தம்பிக்குப் பட்டம் கெடைக்காது. என் பட்டறை பந்த். உனக்கும் சுயம்புக்கும் வேலை போயிரும்.

— போவட்டும்னு சொல்லல மொதலாளி. எழுதுவாரான்னுதான் கேட்டேன். காலேசுப் புத்தகத்துல இருக்கு பாருன்னு சின்னவகிட்ட ஒரு நாளு காட்டலாம்லா. அவ இங்கிலீசு படிப்பா.

— எழுதறேன்க்கா.

— தம்பி, அவசரப்படாதீங்க.

— இல்ல பாய். எழுதித்தான் ஆகணும். எழுதலைன்னா நாலு பட்டறையில இதே தொட்டியைக் கட்டுவா. அங்கயும் யாரோ செவுத்துல கோடு போட்டுண்டு ஆசிட்டை ஊத்துவான்.

— அது என்ன கேசு தம்பி? வாசம் உண்டா அதுக்கு?

— உண்டுக்கா. அழுகின முட்டை மாதிரி.

— அதான் திங்கக்கெழமை வீட்டுக்கு வந்தவிய சட்டையெல்லாம் அப்படி நாறிச்சு. தலை வேற வலிக்குன்னாவ.

— எங்கிட்டயும் நாத்தம்னு சொன்னார். நாத்தம் இருக்கற வரைக்கும் குழிக்குள்ள இறங்காதீங்கோன்னு நான் கண்டிஷனா சொன்னேன். அக்சுவலா அதுலதான் எனக்கு விஷயம் தெரியாமப் போயிடுத்து. கொஞ்சமா இருந்தாத்தான் அது நாறும். அளவு கூடினா மூக்கு மரத்துப் போயிடும். ஒரு வாசனையும் தெரியாது. நாத்தம் நின்னு போச்சுன்னா காத்து நல்லாயிடுத்துன்னு அர்த்தம் இல்ல. உள்ள போனா ரெண்டு மூச்சுல ஆளை அடிச்சுடும்னு அர்த்தம்.

— நாத்தம் நின்னா?

— நின்னாத்தான் ஆபத்து.

— இது உங்களுக்கு எப்பத் தெரியும்?

— அப்புறம்தான்க்கா. அடுத்த வாரம் சார் ஒரு புஸ்தகத்தைப் பிரிச்சுக் காட்டினார். ஒரே ஒரு வரி. நூலகத்துல எத்தனையோ தடவை அதே புஸ்தகத்தைக் கையில எடுத்திருக்கேன்.

— ம்.

— யா அல்லா. நானும் அன்னிக்குக் காலையில குழிப்பக்கம் போனேன். நாத்தம் அடிக்கலையே, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். குனிஞ்சு வேற பாத்தேன்.

— நீங்க விளிம்புல நின்னதோட வந்துட்டீங்க பாய்.

— பலகையில கை வச்சுக்கிட்டு நின்னேன். வெத்தலை போட்டிருந்தேன். உள்ள துப்பாதீங்க மொதலாளின்னான் பூலோகம். தம்பியோட கணக்குத் தப்பிப் போயிருமாம். அம்புட்டு மரியாதை அவனுக்கு உங்க கணக்கு மேல.

— சொல்லாதீங்கோ பாய்.

— இருங்க. அந்தப் பேனாவைக் குடுங்க இப்படி. எங்க போடணும் கையெழுத்து? இங்கனயா?

— சர்டிபிகேட்லயா? இப்போ அது எதுக்கு பாய்?

— இது வேற காயிதம். நீங்க அந்த வெள்ளைத் தாள்ல எழுதுங்க. 'பூலோகம் குடிக்கல. குடிச்சான்னு போலீசுல சொன்னது கரீம் பாட்சா. அது பொய்.' தமிழ்லயே எழுதுங்க. கீழ நான் போடுதேன்.

— எனக்குத் தமிழ் எழுத அவ்வளவா வராது பாய். தப்புத் தப்பா வரும்.

— தப்பா வந்தாலும் பரவாயில்ல. எழுதுங்க. பட்டறை பூட்டினா பூட்டட்டும். விக்ரோலியில எங்க மச்சான் பேக்டரி வச்சிருக்கான், பாதி ஆளுகளை அங்க தள்ளிவிடலாம். மீதியைப் பாத்துக்கிடலாம். பத்தொம்பது அடுப்பு, பத்தொம்பது அடுப்புன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லி வாய் காஞ்சு போச்சு.

— 'குடிக்கல'வுக்கு எந்த 'ல' பாய்?

— எனக்கு மட்டும் தெரியுமா? ஏதோ ஒண்ணைப் போடுங்க. தாயி, வந்து பாரு. உன் புருசன் பேரு சரியா இருக்கா?

— எனக்குப் படிக்கத் தெரியாது மொதலாளி. இருந்தாச் சரி.

— இருக்கு. நான் பாத்துட்டேன். இந்தா, கரீம் பாட்சா. சீலும் அடிச்சாச்சு. தம்பி, நீங்களும் போடுங்க.

— போட்டாச்சு. ரிப்போர்ட்ல அந்தக் கோட்டை அடிச்சுட்டு இங்கிலீஷ்ல முழுசா எழுதறேன். ஆசிட் ஊத்தச் சொன்னது நான்தான்னும் எழுதிடறேன்க்கா. பட்டம் குடுக்கலைன்னா போகட்டும். இப்போதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியறது.

— நல்லது தம்பி.

— நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறேளே.

— என்னத்தச் சொல்ல? அவிய ஏன் குழிக்குள்ள எறங்குனாவன்னும் எழுதுவியளா?

— அது எனக்குத் தெரியாதேக்கா.

— தெரியாதா?

— இறங்காதீங்கோன்னுதான் சொல்லியிருந்தேன். தினம் மத்தியானம் சேட்டு கடையிலேருந்து எனக்குப் போன் பண்ணி மீட்டர்ல எவ்வளவுன்னு சொல்லுவார். அன்னிக்கு அவர் போனே பண்ணலை. நான் ரொம்ப நேரம் காத்துண்டிருந்தேன்.

— சேட்டு கடையில கூட்டமா இருந்திருக்கும் தாயி. லைனு கெடைச்சிருக்காது. கெடைச்சிருந்தா தம்பி தடுத்திருப்பாரு.

— லைனு கெடைச்சுது மொதலாளி, சோத்தைக் கையில வச்சுக்கிட்டு நான் பக்கத்துலதான் நின்னேன். 'நாத்தம் சுத்தமா நின்னு போச்சு தம்பி'ன்னு சிரிச்சாவ, காலேசுத் தம்பி பேசுதாரு கேளு புள்ளன்னு போனை என் காதுல வச்சாவ — 'அப்போ பயமில்லண்ணா, இறங்கி அடியிலேருந்து ஒரு பாட்டில் எடுத்துடுங்கோ'ன்னு நீங்க சொன்னது என் காதுலதான் தம்பி விழுந்துது.